நண்பன் காதலனாகும் கிறிஸ்துமஸ் கதைகள்: 'சிங்கிள் ஆல் தி வே'யில் கதை இருக்கிறதா, இல்லையா? (முடிவு வரை பேசுகிறோம்)

#1 | பனிப்பூனை

பண்டிகைப் படங்கள் இழையில் ஒரு நண்பர் 'சிங்கிள் ஆல் தி வே' பற்றி, "எல்லாரும் நல்லவங்க, எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் யார்மேலயும் கோபம் இல்லை, அப்புறம் எதுக்குப் படம்?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறும். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

பார்த்து மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 2021 டிசம்பர் 2 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். இயக்கம் மைக்கேல் மேயர், எழுத்து சாட் ஹாட்ஜ். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வீட்டில் குடியிருக்கும் நண்பர்கள் பீட்டரும் நிக்கும். மைக்கேல் யூரியும் ஃபிலமன் சேம்பர்ஸும் நடித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கே, அதாவது ஆண்களைக் காதலிக்கும் ஆண்கள். பீட்டரின் புதுக் காதலனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரியவருகிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் தனியாகப் போய் நின்றால் வீடே உச்சுக்கொட்டுமே என்று, நிக்கைக் காதலன் மாதிரி நடிக்கச்சொல்லி, குடும்பம் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கு அழைத்துப்போகிறான்.

வழக்கமாக இந்தப் பொய்தான் படம் முழுக்க ஓடும். இங்கே பீட்டர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்கிறார். தனக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஜேம்ஸை மகனுக்குப் பார்த்துவைத்திருக்கிறாராம், போய்ப் பேசிவிட்டு வா என்கிறார். பொய் பிறக்கும் முன்பே அதற்குக் காரியம் முடிந்துவிட்டது. அம்மா பையனுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார், அப்பாவும் அண்ணன் மகள்களோ அக்கா மகள்களோ அந்தப் பெண்பிள்ளைகளும் சேர்ந்து நிக்கைத்தான் முடித்துவைக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் வேலை பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத அரசியல்.

நான் சொல்ல வருவது இதுதான். கே ஆண்களின் குடும்பக் கதைகளில் முடிச்சு பெரும்பாலும் ஒன்றே ஒன்று: வீட்டுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன ஆகும். இந்தப் படம் அதைக் கதை தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே தீர்த்துவைத்துவிட்டது. தீர்த்துவைத்த பிறகுதான் இன்னொரு பயம் கண்ணில் படுகிறது. இவனிடம் சொல்லி, அது சரிப்பட்டு வராமல் போனால், காதலும் போச்சு, நண்பனும் போச்சு. அது சின்ன முடிச்சு என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்.

#2 | கடைசிவரிசை

கை தூக்குகிறேன். அந்த இழையில் கேட்டவன் நான்தான்.

பயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை எங்கே? பீட்டர் தயங்குகிறான், நமக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே முடிவு தெரிகிறது. ஜேம்ஸ் கொஞ்சமாவது முரடனாக, சந்தேகப்படுபவனாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவனும் தங்கம். பீட்டர் மனதில் நிக் இருக்கிறான் என்று புரிந்ததும் அவனே நாகரிகமாக ஒதுங்கிக்கொள்கிறான். தொண்ணூறுகளில் தமிழ் சினிமா 'நட்பா காதலா' என்று பத்து வருடம் அழுது தீர்த்தது. அதில் பாதி அழுகையாவது இங்கே வேண்டாமா?

#3 | மொன்றியல்மாமி

வணக்கம் பிள்ளைகள். படம் பிடிச்சது எங்கட மொன்றியல் பக்கம். நியூ ஹாம்ப்ஷயர் என்று காட்டுற பனி முழுக்கக் கியூபெக் பனி. கதை அமெரிக்காவில நடக்கும், பனி கனடாவில பெய்யும். இந்த வகைப் படங்களில பாதிக்குமேல் இப்படித்தான்.

எனக்குப் படம் பிடிச்சது ஜெனிஃபர் கூலிஜுக்காக. சாண்டி அத்தையாக வந்து ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஏசு பிறப்பு நாடகம் போடுறாவே, அந்த ஒத்திகைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். காதலைப் பற்றி நீங்கள் இளம் ஆட்கள் கதையுங்கோ, நான் வாசிக்கிறன்.

#4 | பனிப்பூனை

@கடைசிவரிசை, நீங்கள் பீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதால் விலை தெரியவில்லை. நிக்கைப் பாருங்கள்.

நிக்குக்கு அம்மா இல்லை. டிசம்பரில் போய் நிற்க ஒரு வீடு இல்லை. இருப்பது அவனும் எம்மெட் என்கிற நாயும். அந்த நாயை வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவன், அடுத்ததை எழுத முடியாமல், வீடு வீடாகப் போய் விளக்கு மாட்டுகிற, சில்லறை ரிப்பேர் செய்கிற வேலை பார்க்கிறான். பீட்டரின் காதலனுக்கு மனைவி இருப்பதே அப்படி விளக்குச் சரம் கட்டப் போன வீட்டில் அவன் கண்ணில்தான் படுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். காதல் கைகூடாவிட்டால் பீட்டருக்கு ஒரு நண்பன் போவான். நிக்குக்கு நண்பன், குடியிருக்கும் வீடு, பண்டிகைக்குப் போக ஒரு குடும்பம், மூன்றும் ஒன்றாகப் போகும். அப்படிப்பட்டவன்தான் பீட்டரிடம், ஜேம்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று தள்ளிவிடுகிறான். அந்த இடத்தில் சேம்பர்ஸ் முகத்தில் பெரிய நடிப்பு எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்களுக்கு வேண்டிய அழுகை அங்கேதான் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

#5 | கடைசிவரிசை

நிக் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதை நீங்கள் சொல்கிறீர்கள், படம் சொல்கிறதா? பீட்டரின் அப்பாவும் நிக்கும் மனம்விட்டுப் பேசும் காட்சி தவிர, நிக் பக்கத்திலிருந்து கதை நகர்வதே இல்லை. இன்னொன்று. ஊரே வெள்ளைக்காரர்கள், நிக் மட்டும் கறுப்பினத்தவர். அந்த வீட்டுக்குள், அந்த ஊர்க் கடைத்தெருவில் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இது 'எல்லாம் இயல்பாக்கப்பட்ட உலகம்' என்றால், இயல்பாக்கிவிட்டார்களா, இல்லை கண்ணை மூடிக்கொண்டார்களா?

#6 | சாளரம்84

நான் இந்த வகைப் படங்களுக்குச் சப்டைட்டில் போட்டிருக்கிறேன், அதனால் தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் காதல் படம் என்பது இரண்டு மணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சும் ஒன்றரை மணிக்கும் குறைவான படம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம் வரும், அதற்கு முன் ஒரு சின்னக் கொக்கி போட்டாக வேண்டும். முத்தம் கடைசியில்தான். முன்பே வந்தால் மீதிப் படத்தில் என்ன செய்வது? பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் படப்பிடிப்பை முடித்துவிடுவார்கள். இந்தச் சட்டகத்துக்குள் இரண்டு பேர் அறிமுகமாகி, சண்டை போட்டு, சேர்வதற்கு நேரம் போதாது. நண்பர்கள் என்று வைத்துவிட்டால் அறிமுகச் செலவு மிச்சம். அவன் காப்பியில் சர்க்கரை போடமாட்டான் என்று இவனுக்குத் தெரிந்திருந்தால் போதும், பத்து வருடப் பழக்கம் ஒரு நொடியில் வந்துவிடும்.

அப்புறம் டிசம்பர். இந்தக் கதைகளுக்கு அது வெறும் ஜோடனை இல்லை. நண்பர்கள் காதலை ஒத்துக்கொள்ளாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? பண்டிகை அந்த வசதியைப் பிடுங்கிவிடுகிறது. ஒரே வீட்டில் அடைத்துப்போடும், வெளியே பனி, உள்ளே சொந்தக்காரர்கள், போதாக்குறைக்கு ஒரே கட்டில். 25ஆம் தேதி என்று ஒரு கெடு வேறு. நட்பை வெளியே நின்று பார்க்கும் கண்கள் வீடு முழுக்க இருக்கும். இந்தப் படத்தில் பீட்டருக்குத் தெரியாதது அந்தச் சிறுபெண்களுக்குத் தெரிகிறது.

#7 | யாழ்வாடை

ஒரு சந்தேகம். 2020 வரைக்கும் இப்படி ஒரு படம்கூட வரவில்லையா, இல்லை எங்களுக்குத் தெரியாமல் வந்ததா? 2020இல் எல்லாம் ஒரேயடியாக வந்த மாதிரி இருக்கிறது.

#8 | சாளரம்84

ஒரேயடியாகத்தான் வந்தன, அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் காதல் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க ஹால்மார்க் சேனலில் ஸோலா என்ற திருமண இணையதளத்தின் விளம்பரங்கள் ஓடின. அவற்றில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஒரு பழமைவாத அமைப்பு எதிர்த்ததும் சேனல் அவற்றை நிறுத்தியது. நிறுத்தியதற்கு அதைவிடப் பெரிய எதிர்ப்பு. சில நாளிலேயே மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த மாதம் தலைமை நிர்வாகி பில் ஆபட் விலகினார்.

2020 பண்டிகைக் காலத்தில் வரிசையாக வந்தன. ஹால்மார்க்கின் 'தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் ஜொனதன் பெனட் கே தம்பதியில் ஒருவராக வந்தார், ஆனால் அது கிளைக்கதை. லைஃப்டைம் சேனலில் 'தி கிறிஸ்துமஸ் செட்டப்', அதில் நாயகர்கள் இருவரும் கே. ஹூலு இணையத் தளத்தில் கிளியா டுவால் இயக்கிய 'ஹேப்பியஸ்ட் சீசன்', அது இரண்டு பெண்களின் கதை. ஹால்மார்க்கில் கே ஜோடியே மையமாக வந்த கிறிஸ்துமஸ் படம் 2022 டிசம்பரின் 'தி ஹாலிடே சிட்டர்', அதிலும் பெனட்தான். அதற்குச் சில வாரம் முன்புதான் ஹால்மார்க்கின் பழைய நட்சத்திரம் கேண்டஸ் கேமரன் பூர், தான் போய்ச் சேர்ந்த போட்டிச் சேனல் மரபான திருமணத்தைத்தான் மையமாக வைத்துக்கொள்ளும் என்று பேட்டி கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்தச் சேனலின் தலைமையில் யார் என்றால், அதே பில் ஆபட்.

#9 | நிலாமுற்றம்

'ஹேப்பியஸ்ட் சீசன்' பேர் வந்ததால் சொல்கிறேன். அது பனிப்பூனை சொன்ன பழைய முடிச்சுப் படம். ஹார்ப்பர் தன் வீட்டில் சொல்லவில்லை, அதனால் காதலி ஆபியை வெறும் அறைத்தோழி என்று சொல்லி அழைத்துப்போகிறாள். ஆபி ஒவ்வொரு நாளும் அவமானப்படுகிறாள். அதைப் பார்த்துக் கொதித்துப்போய், ஆபி பேசாமல் ரைலியோடு போயிருக்கலாம் என்று எவ்வளவு பேர் எழுதினார்கள்! ரைலியாக வந்த ஆப்ரி பிளாசா செய்தது பெரிதாக ஒன்றுமில்லை, ஆபி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

பார்வையாளர்களுக்கு நண்பர்கள் காதலராவதுதான் வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். படமே இன்னொரு கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர்கள் அதைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள்.

#10 | மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. படம் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள், தாராளமாக. மனிதர்களை வைதால் கணக்கு முடக்கப்படும்.

#11 | ஊர்சுற்றாவேம்பு

எனக்கு உறுத்துவது வேறு. கடைசியில் பீட்டர் லாஸ் ஏஞ்சலஸை விட்டு ஊருக்கே வந்து செடிக்கடை வைக்கப்போகிறான். ஊரில் அவன் ஆசைப்பட்ட கடையை நிக்கே வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கிறான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'பட்டணம் பொய், சொந்த ஊர் நிஜம்' என்பது ஹால்மார்க் பல வருடமாக விற்கும் சரக்கு. கே ஆண்களின் வரலாறு அதற்கு நேரெதிர். சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோவும் நியூ யார்க்கின் கிரீனிச் வில்லேஜும் சின்ன ஊர்களிலிருந்து தப்பி வந்தவர்களால்தான் கே ஆண்களின் பேட்டைகள் ஆயின. தப்பி வந்தவனைத் திரும்ப அங்கேயே அனுப்பிவைப்பதை மகிழ்ச்சியான முடிவு என்று என்னால் லேசில் ஏற்க முடியவில்லை.

#12 | பாஸ்டன்கருவாடு

நியூ ஹாம்ப்ஷயர் எங்களுக்குப் பக்கத்து மாநிலம், வார இறுதியில் காரை எடுத்தால் போய்விடலாம். அந்த ஊரைக் கொஞ்சம் தெரியும் என்பதால் மறுக்கிறேன்.

எபிஸ்கோபல் திருச்சபையில் (ஆங்கிலிகன் சபையின் அமெரிக்கக் கிளை) ஒளிவுமறைவில்லாமல் வாழ்ந்த ஒரு கே பாதிரியார் முதன்முதலாக ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது நியூ ஹாம்ப்ஷயரில்தான். ஜீன் ராபின்சன், 2003. அந்த நவம்பரில் டர்ஹம் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அரங்கில் அவரை அபிஷேகம் செய்தார்கள். கொலை மிரட்டல் இருந்ததால் அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு நின்றார். அந்த மாநிலத்தில் ஒருபால் திருமணச் சட்டம் 2010 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. புத்தாண்டு நள்ளிரவு தாண்டியதும் கான்கார்டில் சட்டமன்றக் கட்டடத்துக்கு வெளியே, அந்தக் குளிரில் நின்று ஜோடிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அமெரிக்கா முழுமைக்கும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2015 ஜூனில்.

ஆக, பீட்டரின் அம்மாவைப் போன்ற ஒருத்தி அங்கே இருப்பது கற்பனை இல்லை. கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் நின்ற ஊரில் பதினெட்டு வருடம் கழித்து ஓர் அம்மா மகனுக்குப் பையன் பார்க்கிறாள் என்றால், படம் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் பார்த்தேன்.

#13 | ஊர்சுற்றாவேம்பு

ஹாக்கி அரங்கு விஷயம் தெரியாது, நன்றி. அப்படியென்றால் என் புகாரைத் திருத்திக்கொள்கிறேன்: அந்த வரலாற்றில் ஒரு துளியாவது படத்துக்குள் இருந்திருக்கலாம். 'தி கிறிஸ்துமஸ் செட்டப்' அந்த வேலையை முயன்று பார்த்தது. மில்வாக்கியில் ஒரு பழைய ரயில் நிலையத்தைக் காப்பாற்றும் கிளைக்கதையைப் போட்டு, காதலர்கள் இருவரும் அந்த ஊரின் பழைய காலத்தைத் தேடிப்போகிற மாதிரி வைத்தார்கள். நாயகர்களாக நடித்த பென் லூயிஸும் பிளேக் லீயும் நிஜத்தில் தம்பதி. அதனாலோ என்னவோ, அங்கே பார்வைகளில் ஒரு சுலபம் இருந்தது.

#14 | யாழ்வாடை

அதில் ஒரு வினோதம். நிஜத் தம்பதி நடிக்கும்போது புதிதாகக் காதலிப்பதாக நம்புவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. யூரிக்கும் சேம்பர்ஸுக்கும் இடையில் தீப்பொறி குறைவு என்று பலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் குறைவுதான் பொருத்தமாகப் பட்டது. பத்து வருடம் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பேருக்கு எங்கேயிருந்து தீப்பொறி வரும்?

#15 | கடைசிவரிசை

@யாழ்வாடை, சிரித்துவிட்டேன். ஆனால் அது படத்துக்குப் பாராட்டா, மைக்கேல் மேயருக்குச் சமாதானமா?

ஜேம்ஸாக வந்த லூக் மெக்ஃபார்லன் பற்றி யாரும் பேசவில்லை. அவர் 2008லேயே தான் கே என்று வெளியே சொன்னவர். ஆனாலும் ஹால்மார்க்கில் வருடக்கணக்கில் பெண்களைக் காதலிக்கும் நாயகனாக நடித்து, அந்தச் சேனல் பார்க்கும் வீடுகளின் செல்லப்பிள்ளை ஆனார். அவர் முதன்முதலாகக் கே பாத்திரத்தில் இந்த மாதிரிக் கிறிஸ்துமஸ் படத்துக்குள் வரும்போது, அவருக்குக் கிடைத்தது தோற்றுப்போகிற மூன்றாம் ஆள் வேடம். மறு வருடம் 'ப்ரோஸ்' என்ற கே காதல் நகைச்சுவைப் படத்தில் நாயகன் ஆனார், அதில் இந்தச் சேனல்களை நன்றாகக் கிண்டலும் செய்திருக்கிறார்கள்.

#16 | பனிப்பூனை

மெக்ஃபார்லனை அங்கே போட்டதுதான் நடிகர் தேர்வின் குறும்பு என்பேன். இந்த வகைப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பனியில் அவர் வந்து நின்றாலே 'இவர்தான் நாயகன்' என்று கை தானாகக் காட்டும். அழகன், ஊரோடு இருப்பவன், அம்மாவுக்குப் பிடித்தவன். நாயகனுக்குரிய எல்லாமும் உள்ள ஒருவனைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினால்தான், பீட்டர் தேர்ந்தெடுப்பதற்கு அர்த்தம் வரும். அவனை முரடனாக்கியிருந்தால் நிக் ஜெயித்தது பெரிய விஷயமா? நல்லவனை விட்டுவிட்டு இன்னொரு நல்லவனிடம் போக ஒரே காரணம்தான் மிஞ்சுகிறது.

நிறம் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதே என் பதிலும். நிக்கின் பக்கம் இன்னும் இரண்டு காட்சி இருந்திருந்தால் அதுவும் வந்திருக்கும், நான் சொன்ன மூன்று இழப்பும் வெளிப்படையாக வந்திருக்கும்.

#17 | நிலாமுற்றம்

இங்கே யாராவது இந்த மாதிரிக் கதை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நண்பர்கள், வேலை பார்ப்பது எடின்பரோவில், புத்தாண்டு ஹாக்மனே கொண்டாட்டத்தின்போது நடக்கிறது. எங்கே சிக்குகிறேன் என்றால், நட்பிலிருந்து காதலுக்கு மாறும் அந்த இடம். திடீரென்று ஒருவன் மற்றவனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி எழுதினால் பொய்யாக இருக்கிறது.

#18 | சாளரம்84

புதிதாகப் பார்க்க வைக்காதீர்கள். பழையதை ஒன்றைச் செய்யவிடாமல் தடுங்கள். தினமும் இவன்தான் அவனுக்குச் சாவி எடுத்துக்கொடுப்பான் என்றால், ஒரு நாள் வேறொருவன் எடுத்துக்கொடுக்கட்டும். இவனுக்கு என்ன ஆகிறது என்று எழுதுங்கள். இந்தப் படத்தில் ஜேம்ஸ் இருப்பதே அதற்குத்தான்.

ஹாக்மனே நல்ல தேர்வு. ஸ்காட்லாந்தில் நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் முதல் ஆளாகக் காலடி வைப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருந்தால் அந்த வருடத்துக்கு அதிர்ஷ்டம் என்று பழைய நம்பிக்கை உண்டு. கையில் ஒரு துண்டு நிலக்கரியோ ரொட்டியோ விஸ்கியோ கொண்டுவருவார்கள். உங்கள் ஆளை வாசலில் நிறுத்த இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. கறுத்த முடிக்குத் தமிழனைவிடத் தகுதியானவன் எங்கே போய்த் தேடுவது?

#19 | மொன்றியல்மாமி

பிள்ளை, கதையை முடிச்சதும் இங்கே போடும். நிலக்கரி கொண்டு வாறவனைவிட விஸ்கி கொண்டு வாறவனைத் தெரிவுசெய்யச் சொல்லி என்ர ஆலோசனை.

மற்றது, சாண்டி அத்தையின்ர நாடகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதுக்கு நான் தனியாக ஒரு இழை திறக்கட்டோ?

#20 | கடைசிவரிசை

திறவுங்கள் மாமி, முதல் பதில் என்னுடையது.

பனிப்பூனைக்கு: நேற்று இரவு நிக்கை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு படத்தை மறுபடி ஓட்டினேன். அப்படிப் பார்த்தால் படம் தேறுகிறது. அதற்காகப் பாதிப் படத்தை நான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.